பேரில்லாத மழைக்குப் பேர் வைத்தவர்

தாணுவை எனக்குப் பிடிக்காது. பத்து வருஷமாக இதை நான் வெளிப்படையாகவே சொல்லி வந்திருக்கிறேன். குற்றாலத்தில் லாட்ஜ் மானேஜராக இருக்கிற எவனுக்கும் மழையைப் பற்றிப் பேசுகிற ஆளைப் பிடிக்காது. சாரல் என்று சொன்னால் அறை நிறையும். வெள்ளம் என்று சொன்னால் போன் மேல் போன் வந்து புக்கிங் எல்லாம் கேன்சல் ஆகும். காலை ஆறு மணிக்கு அந்த மனுஷன் வாட்ஸ்அப்பில் நாலு வரி பேசிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவார். நாள் முழுக்க முதலாளியிடம் ஏச்சு வாங்குவது நான்.

என் பேர் ஆவுடையப்பன். இந்தக் கதையில் என் பேருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

தாணுவுக்கு வானிலைத் துறையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீடு மேலகரத்தில். வேலை புளியங்குடியில், எலுமிச்சை கமிஷன் கடையில் லாரி ஏற்றி அனுப்புவது. கல்யாணமான புதிதில் ஒருநாள் ஒடிசாவுக்கு ஒரு லாரி ஏற்றிவிட்டார். லாரி போய்ச் சேரவும் புயல் கரையேறவும் சரியாக இருந்தது. நாலு நாள் ரோட்டிலேயே நின்றது. அங்கிருந்து டிரைவர் போன் போட்டு, “இப்படி ஒரு காத்துக்குள்ள என்னைய அனுப்பிட்டீரேவே, என் புள்ளையளுக்கு யாருவே இருக்கா?” என்று அழுதிருக்கிறான். ஆள் உயிரோடு வந்துவிட்டான். ஆனால் அந்தக் குரல் தாணுவின் காதை விட்டுப் போகவில்லை. மறுநாளிலிருந்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செயற்கைக்கோளின் கடல் படம் பார்க்க ஆரம்பித்தவர், செல்போன் வந்ததும் அதற்குள்ளேயே குடி போய்விட்டார்.

தன் லாரிகளுக்காகப் பார்த்ததை ஊருக்கும் சொல்ல ஆரம்பித்தார். நடவுக்கு நாள் பார்க்கிறவன், கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவன், செங்கல் சூளைக்காரன் என்று அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். வருஷா வருஷம் புரட்டாசி கடைசி வாரத்தில் எங்கள் லாட்ஜுக்கு எதிரே இருக்கிற சேக் தாவூது டீக்கடையில் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்வார். கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது, வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும், எத்தனை புயல் வரலாம் என்று நோட்டைப் பிரித்து வாசிப்பார். கடைசியில் பேர்ப் பட்டியல். பதின்மூன்று நாடு, நாட்டுக்குப் பதின்மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறது, வரிசையாக ஒவ்வொன்றாக வைப்பார்கள், ஒரு தடவை வைத்த பேரை மறுபடி வைக்க மாட்டார்கள் என்று விளக்குவார். டீக்கடையே கூடி நின்று கேட்கும். பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டில்கூட அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

இங்கேதான் எங்கள் ஊர் ஒரு தப்பு பண்ணியது. காற்று மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் பேர் வைப்பார்கள். அதற்குக் கீழே என்றால், வானமே உடைந்து கொட்டினாலும் அது வெறும் காற்றழுத்தத் தாழ்வுதான், பேர் கிடையாது. தாணு சொன்ன இந்தக் கணக்கை நாங்கள் எங்கள் வசதிக்கு எடுத்துக்கொண்டோம். பேர் வைத்தால் பயப்பட வேண்டும், வைக்காவிட்டால் குளிக்கப் போகலாம். ஆனால் புயல் காற்று கடலோரத்தோடு நின்றுவிடும். இங்கே ஆளைக் கொல்வது மலைமேல் விழுகிற மழை. அதற்கு எந்த நாடும் பேர் எழுதிக் கொடுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாசம். எங்கள் லாட்ஜில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து பதினொரு ஐயப்ப சாமிகள் தங்கியிருந்தார்கள். முந்தின நாள் வெள்ளத்தால் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. அருவிக்குத் தடை போட்டால் எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஆட்களை ஓடைக்குக் கூட்டிப்போவது இங்கே வழக்கம். தடை அருவிக்குத்தானே, ஓடைக்கு இல்லையே என்று ஒரு சட்டம் பேசுவோம். மலையடிவாரத்தில் மருதங்கசம் என்று ஒரு இடம். ஓடை அங்கே பாறைகளுக்கு நடுவில் ஆழமாகத் தேங்கி நிற்கும். எங்கள் லாட்ஜுக்கு வாடிக்கையாக எண்ணெய் தேய்க்கிற முத்துச்செல்வத்தைக் கூப்பிட்டேன்.

அன்றைக்குக் காலையில் தாணு பேசியது இதுதான்: “தாணு பேசுதேன். குமரிக்கடல் பக்கம் ஒரு தாழ்வு கெடக்கு. பேரு வைக்கிற அளவுக்கு இது வளராது. பயப்பட ஒண்ணுமில்ல.”

சாமிகளுக்குத் தைரியம் வரட்டும் என்று நான் அதை ரிசப்ஷனில் சத்தமாக, இரண்டு தடவை போட்டுக் காட்டினேன். “தாணு அண்ணாச்சியே சொல்லிட்டாக, பெறகென்ன?” என்று முத்துச்செல்வம் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவர்கள் கிளம்பிப் போன பிறகு நடந்த ஒரு விஷயத்தை இங்கே தாண்டிப் போகிறேன். இடம் வரும்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

கீழே வெயில் அடித்தது. பதினொரு மணிக்கு மருதங்கசத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. முத்துச்செல்வம்தான் முதலில் பார்த்திருக்கிறான். கத்திக்கொண்டே ஒவ்வொரு சாமியையும் பாறைமேல் ஏற்றிவிட்டான். பதினொன்றாவது ஆளையும் ஏற்றியாயிற்று. மேலே இருந்தவர்கள் இவனைத் தூக்கக் கையைப் பிடித்தார்கள். கையெல்லாம் எண்ணெய். வழுக்கிவிட்டது. மறுநாள் தென்காசிக்குக் கிட்டே சிற்றாற்றில் உடலை எடுத்தார்கள்.

தாணு சாவு வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தெருவிலேயே மூன்று மணி நேரம் நின்றார். “பயப்படாதன்னு சொன்னாம்லா, அந்தா நிக்கான்” என்று ஆட்கள் அவர் காதுபடப் பேசினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். அன்றோடு அவர் வாய் மூடிவிட்டது. மறு வருஷம் புரட்டாசியில் டீக்கடைப் பக்கம் வரவில்லை. இந்த வருஷமும் வரவில்லை. சேக் தாவூதே பேப்பரைப் பார்த்துப் பட்டியலை வாசித்தார். வரிசையில் ‘முரசு’ என்று ஒரு பேர் இருந்தது. “ஏ, இது நம்ம தமிழ்ப் பேருல்லா!” என்று ஊருக்கே சந்தோஷம். புதுப்படம் எப்போது ரிலீஸ் என்று கேட்கிற மாதிரி முரசு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

முரசு வரவில்லை. கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரத்தில், ஒரு மத்தியானம், தாணுவின் வீட்டுக்காரி பேராச்சி எனக்குப் போன் பண்ணினாள். “அண்ணாச்சி, இவுகள வந்து ஒரு எட்டு பாருங்க. காலையிலேருந்து போன்ல பேசுதாக, அழிக்காக, பேசுதாக, அழிக்காக. ஒரு வாய் காப்பி குடிக்கல. எனக்குப் பயமா இருக்கு.”

என்னை ஏன் கூப்பிட்டாள் என்று எரிச்சலோடுதான் பைக்கை எடுத்தேன். தாணு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. போனை என் பக்கம் திருப்பினார். குமரிக்கடல் மேலே வெள்ளையாக ஒரு சுழல்.

“அதே எடம்வே. காத்து கெழக்கேருந்து நேரா வந்து நம்ம மலையில முட்டுது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மேல கொட்டிரும்.”

“அப்ப சொல்லித் தொலையும். எதுக்கு அழிக்கீரு?”

“எப்படிச் சொல்ல? இதுக்கும் பேரு கெடையாது. பேரில்லன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். பேரில்லன்னா பயமில்லன்னு சொல்லிக் குடுத்த வாயே இதுதான்.” அவர் போனைக் கட்டிலில் போட்டார். “தப்பாப் போச்சுன்னா சிரிப்பான். சரியாப் போச்சுன்னா... ஆவுடையப்பா, எனக்கு நெஞ்சு அடைக்குதுவே.”

நாளைக்கு மருதங்கசத்துக்கு யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றும் அருவியில் தடை. எங்கள் லாட்ஜில் நாற்பது சாமிகள் இறங்கியிருந்தார்கள். முத்துச்செல்வத்தின் தம்பி விஜய்பாண்டிதான் அண்ணனுக்கு அப்புறம் எங்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவன். தன் வீடு, அண்ணன் வீடு இரண்டுக்கும் அவன்தான் சோறு. காலை பத்து மணிக்குக் கூட்டிப்போவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அண்ணன் செத்த இடத்துக்கே போகிறாயே என்று நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். “அண்ணன் செத்த எடம்னு பாத்தா நான் இந்தத் தொழிலே பாக்க முடியாது, அண்ணாச்சி” என்றான்.

அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டேன். சிரித்தான். “முரசு வரட்டும் அண்ணாச்சி, அன்னைக்கு நான் கட்டில விட்டே எறங்க மாட்டேன். இது சும்மா பேரில்லாத சவம்.” அண்ணனுக்கு எமனாக வந்ததும் பேரில்லாததுதான் என்பது அவனுக்கே தோன்றவில்லை. போலீசுக்கும் சொன்னேன். வாகனம் அனுப்புகிறோம் என்றார்கள். பாவம், அருவிக்கு அருவி நிற்கலாம், ஓடைக்கு ஓடை எப்படி நிற்பார்கள்?

தாணு போனைத் திரும்ப எடுத்து அந்தச் சுழலைப் பார்த்தார். பிறகு, “இதுக்கு நாமளே பேரு வச்சிருவோம்” என்றார்.

“என்ன பேருன்னு?”

“முத்துச்செல்வம்னு.”

“கோட்டி புடிச்சிட்டா உமக்கு?” என்று கத்திவிட்டேன். “அவன் பொண்டாட்டி செருப்பக் கழத்துவா!”

“கழத்தட்டும். ஆனா குத்தாலத்துல அந்தப் பேரக் கேட்டுட்டு ஒருத்தன் தண்ணியில எறங்குவானா, சொல்லும்?”

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், “கேக்காம வைக்கக்கூடாது. நீரும் வாரும். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு” என்றார்.

முத்துச்செல்வத்தின் மனைவி சந்தனமாரி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் துண்டும் சோப்பும் எண்ணெய் பாக்கெட்டும் விற்கிறாள். நாங்கள் போனபோது பொழுது சாயவில்லை. துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவள் தாணுவைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். இரண்டு வருஷத்தில் அவர் அவள் முன்னால் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. அவருக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. தாழ்வு, மலை, நாளைக்கு மத்தியானம் என்று உளறினார். கடைசியில் பேர் விஷயத்தையும் சொன்னார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

“நாளைக்கு அங்கன போறது யாரு?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“உங் கொழுந்தன்தான் தாயி.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மடித்த துண்டு ஒன்றை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வையும் அண்ணாச்சி. ஆனா இங்கனயே பேசும், என் முன்னால” என்றாள்.

தாணு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல்.

“தாணு பேசுதேன். குமரிக்கடல்ல ஒரு தாழ்வு கெடக்கு. அதுக்கு யாரும் பேரு வைக்கல. நான் வைக்கேன். அதோட பேரு முத்துச்செல்வம். நாளைக்குக் காலையில வெயில் அடிக்கும், நம்பாதிய. மத்தியானத்துக்குள்ள முத்துச்செல்வம் மலையில எறங்கிருவான். ஓடைக்கு, கசத்துக்கு, எங்கயும் போகாதிய. போன தடவ பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னேன். இந்தத் தடவ சொல்லுதேன், பயப்படுங்க. நான் பயந்து போய்த்தான் இருக்கேன்.”

நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் அது ஊர் பூராவும் போய்விட்டது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டதாம். இருட்டுகிற நேரத்தில் விஜய்பாண்டி மேலகரத்துக்கே போய் தாணுவின் சட்டையைப் பிடித்துவிட்டான். “எங்கண்ணன் பேர சனியன் புடிச்ச மழைக்கு வைக்க நீரு யாருவே? நாளைக்கு நான் போகத்தான் போறேன், ஒம்மால ஆனதப் பாரும்!” பேராச்சி குறுக்கே விழுந்து விலக்கியிருக்கிறாள். தாணு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று சொன்னாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரிசப்ஷனுக்கு வந்ததும் வாசலில் நின்று மேலே பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதரைக்கு விஜய்பாண்டி வந்தான், தோளில் துண்டு, கையில் எண்ணெய் பாட்டில். நாற்பது சாமிகளும் தயாராக நின்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் பயம். போனால் இவன் செத்துவிடுவான். போகாமல் தடுத்து மழையும் வராவிட்டால், முத்துச்செல்வம் பேர் ஊர்ச் சிரிப்பாகிவிடும், அப்புறம் எந்த மழைக்கும் எவனும் ஒதுங்க மாட்டான். அவன் கையைப் பிடித்தேன். உதறினான்.

அப்போது குருசாமி, நரைத்த தாடிக்காரர், கேட்டார். “தம்பி, டீக்கடையில எல்லாரும் முத்துச்செல்வம், முத்துச்செல்வம்னு பயந்து பேசிக்கிறாங்களே, அது யாருப்பா?”

விஜய்பாண்டி வாயைத் திறந்தான். “எங்கண்ணன்” என்றவன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். குருசாமி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாமிகளை அறைக்குப் போகச் சொல்லிவிட்டு அவரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. வெயில்தான். தெருவில் போகிறவர்கள் மேலே பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாகப் போனார்கள். தாணு எங்கே இருக்கிறார் என்று பேராச்சியிடம் கேட்டேன். சாமி படத்துக்கு முன்னால் சுருண்டு படுத்திருப்பதாகச் சொன்னாள்.

பதினொன்றே கால் இருக்கும். முதலில் மலை உச்சி காணாமல் போனது. பிறகு சத்தம். இடி இல்லை, கல் உருள்கிற சத்தம். லாட்ஜுக்குப் பின்னால் பாலத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். மருதங்கசத்துத் தண்ணீர் அந்தப் பாலத்தடி வழியாகத்தான் வர வேண்டும். செம்மண் நிறத்தில், முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. பாலத்தின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு போனது. அதில் ஒரு ஆள் இல்லை. ஒரு துண்டு, ஒரு செருப்புகூட இல்லை. விஜய்பாண்டி எண்ணெய் பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று குழந்தை மாதிரி அழுதான்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. சந்தனமாரி கடைக்குத் தாணுவோடு நானும் போனேன். விஜய்பாண்டியும் அங்கே இருந்தான். தாணு கும்பிட்டார். அவள் நேரடியாகக் கேட்டாள்.

“ஒரு தடவ வச்ச பேர மறுபடி வைக்க மாட்டாகன்னு சொல்லுவீயளே, நெசந்தானா?”

“நெசந்தான் தாயி.”

“அப்ப இதோட சரி. இனிமே அவுக பேரச் சொல்லி யாரும் பயப்படக் கூடாது. அவுக பதினோரு பேரக் காப்பாத்துனாக. இப்ப நாப்பது பேரும் தம்பியும். போதும், அவுகளுக்கு ஓய்வு குடுத்துருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அடுத்தது வந்தா என்ன பேரு வைப்பீய?” என்றாள்.

தாணு கடையில் தொங்கிய துண்டுகளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது.

தாண்டிவந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். அன்றைக்கு முத்துச்செல்வம் கிளம்பிப் போன கால் மணி நேரத்தில், புளியங்குடி பஸ்ஸிலிருந்து தாணு எனக்கு மட்டும் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “ஆவுடையப்பா, படம் மாறிட்டுவே. மலைமேல மேகம் குவியுது. ஒம்ம ஆட்கள ஓடைப் பக்கம் விடாதியும்.” காலையில் ஒன்று, இப்போது ஒன்று என்று ஊர் சிரிக்குமே என்று குரூப்பில் போடக் கூச்சப்பட்டுவிட்டார். அது அவர் தப்பு. நான் அதை முழுசாகக் கேட்டேன். கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி அவருக்குப் போயிருக்கும். மருதங்கசத்துக்குப் பைக்கில் போனால் பத்து நிமிஷம். போய்த் தடுத்தால் சாமிகள் கோபித்துக்கொண்டு அறையைக் காலி செய்வார்கள் என்று யோசித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். சாவு வீட்டுத் தெருவில் ஊரே அவரை ஏசியபோது அவர் என் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“ஆவுடையப்பன்னு வைங்க” என்றேன்.

“எதுக்கு?” என்றாள் சந்தனமாரி.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். விஜய்பாண்டி எழுந்தான். அவள் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள். என்னை அடிப்பாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் துண்டை மடிக்க ஆரம்பித்தாள். “அண்ணாச்சி, அதே பேர வையும்” என்று தாணுவிடம் மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஆறு மணி. லாட்ஜில் சாமிகள் நிறைந்திருந்தார்கள். என் போன் அதிர்ந்தது. உடனே திறந்தேன்.

“தாணு பேசுதேன். குமரிக்கடல்ல இன்னொண்ணு கெடக்கு. அதுக்குப் பேரு ஆவுடையப்பன். அவன நம்பி ஒருத்தரும் தண்ணியில எறங்காதிய.”

நான் அதை ரிசப்ஷனில் சத்தமாக, இரண்டு தடவை போட்டேன்.